அமெரிக்கக் கல்லூரி இன்டர்வியூ: நேரம் பதிவு செய்வது எப்படி?

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், கட்டுரைகள், மதிப்பெண் பட்டியல், ஆசிரியர் பரிந்துரை என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வரும்போது ஒரு வரி கண்ணில் படும். இன்டர்வியூ உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை, ஆப்ஷனல். அந்தச் சொல்லைப் பார்த்ததும் சில வீடுகளில் "கட்டாயம் இல்லையே, விடு" என்று கடந்துவிடுகிறார்கள். சில வீடுகளில் பயந்துபோய் அன்றைக்கே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகளுக்கு இந்த வேலையில் துணையாக உட்கார்ந்தேன். அப்புறம் தெரிந்தவர்களின் பிள்ளைகள் சிலரும் கேட்டு வந்தார்கள். நான் பார்த்தவரை, பிள்ளைகள் பேசத் தெரியாமல் வாய்ப்பை இழப்பதில்லை. பதிவு தொடங்கியது தெரியாமல், மெயிலைப் பார்க்காமல், நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டு இழக்கிறார்கள். அதனால் இன்டர்வியூவில் என்ன பேசுவது என்பதை விட்டுவிட்டு, அதற்கு நேரம் பிடித்து ஒழுங்காகப் போய்ச் சேர்வது எப்படி என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். சென்னையில் "அமெரிக்கா இன்டர்வியூ" என்றாலே ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துணைத் தூதரகமும் விசாவும்தான் நினைவுக்கு வரும். அது வேறு. கல்லூரியில் இடம் கிடைத்து, விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் கைக்கு வந்த பிறகு நடப்பது விசா இன்டர்வியூ. இங்கே நான் சொல்வது, கல்லூரி முடிவெடுப்பதற்கு முன் விண்ணப்பதாரரோடு நடக்கும் உரையாடல். அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை போகும். இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான்.

முதலில் கண்டுபிடிக்க வேண்டியது: யார் யாரைக் கூப்பிட வேண்டும்?

ஒரு தாளில் விண்ணப்பிக்கப்போகும் கல்லூரிகளின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்திலும் 'இன்டர்வியூ' என்று தேடிப் படியுங்கள். நீங்கள் தேடுவது ஒரே ஒரு கேள்விக்கான பதில்: நாம் கேட்க வேண்டுமா, அவர்கள் கூப்பிடுவார்களா?

சில கல்லூரிகளில் மாணவரே போய்ப் பதிவு செய்ய வேண்டும். மெய்ன் மாநிலத்தில் இருக்கும் போடன் கல்லூரி இந்த வகை. அங்கே சேர்க்கை அலுவலகத்தில் வேலை செய்பவரோ, பயிற்சி பெற்ற கடைசி ஆண்டு மாணவரோ பேசுவார். சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பலவும் இப்படித்தான். இங்கே நீங்கள் கேட்காவிட்டால் யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். இடம் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இன்னொரு வகையில் நீங்கள் கேட்கவே முடியாது. ஹார்வர்ட், யேல், எம்.ஐ.டி. மூன்றும் இப்படி. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு, பேச ஆள் கிடைத்தால் அவர்களே மெயில் அனுப்புவார்கள். எம்.ஐ.டி.யில் பேசுபவர்கள் 'எஜுகேஷனல் கவுன்சிலர்' என்று அழைக்கப்படும் முன்னாள் மாணவர்கள். சம்பளம் இல்லாமல், தங்கள் சொந்த நேரத்தில் செய்கிறார்கள். இந்த வகைக் கல்லூரிகளுக்கு "எனக்கு எப்போது இன்டர்வியூ?" என்று மெயில் எழுதிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. உங்கள் பகுதிக்கு ஆள் இல்லாவிட்டால் இன்டர்வியூ இல்லாமலேயே விண்ணப்பத்தைப் பார்ப்பார்கள், அதனால் ஒன்றும் குறையாது என்று அந்தக் கல்லூரிகளே சொல்கின்றன. நம்புங்கள்.

இன்டர்வியூவே இல்லாத இடங்களும் நிறைய. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களெல்லாம் அடங்கிய கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இளநிலைச் சேர்க்கைக்குப் பொதுவாக இன்டர்வியூ வைப்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 2018-இல் இன்டர்வியூவை நிறுத்திவிட்டு, விருப்பம் இருந்தால் ஒரு சிறு வீடியோ அனுப்பலாம் என்றது. கொலம்பியா 2023-இல் முன்னாள் மாணவர் இன்டர்வியூவை நிறுத்தியது. பிரௌனிலும் இப்போது வீடியோ அறிமுகம்தான். இதற்கு நேர் எதிராக, ஜார்ஜ்டவுனில் இன்டர்வியூ ஆப்ஷனல் இல்லை, விண்ணப்பத்தின் ஒரு பகுதி.

பெயரிலும் கவனம் வையுங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இதை இன்டர்வியூ என்று சொல்லாமல் 'அலம்னை கான்வர்சேஷன்', அதாவது முன்னாள் மாணவருடன் உரையாடல், என்கிறது. வெறும் 'இன்டர்வியூ' என்ற சொல்லை மட்டும் தேடினால் இப்படிப்பட்டவை தப்பிவிடும்.

மேலே உள்ளதையே வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள். கல்லூரிகள் இந்த விதிகளை அடிக்கடி மாற்றுகின்றன. போன வருடம் சேர்ந்த சீனியர் அக்கா சொன்னதுகூட இந்த வருடம் பொருந்தாமல் போகலாம். கல்லூரியின் சொந்தப் பக்கத்தில் இந்த ஆண்டுக்கு எழுதியிருப்பதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்டர்வியூவுக்கு எவ்வளவு எடை என்று பார்க்க ஓர் இடம் இருக்கிறது

அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு அந்தச் சொற்களைச் சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். அதில் சி7 என்ற பகுதிக்குப் போங்கள். சேர்க்கையில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று ஓர் அட்டவணை இருக்கும். மிக முக்கியம், முக்கியம், கருத்தில் கொள்ளப்படும், கொள்ளப்படாது என்று நான்கு கட்டங்கள். இன்டர்வியூவுக்கு ஒரு வரி, விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வத்துக்கு ஒரு வரி.

இந்த இரண்டாவது வரியை நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. சில கல்லூரிகள், மாணவர் உண்மையிலேயே இங்கே வர நினைக்கிறாரா என்பதற்கான அடையாளங்களைக் குறித்துவைக்கின்றன. இணையவழி அறிமுகக் கூட்டத்துக்கு வந்தாரா, இன்டர்வியூவுக்குப் பதிவு செய்தாரா என்பதெல்லாம் அதில் சேரும். இந்தியாவிலிருந்து வளாகத்தைச் சுற்றிப் பார்க்கப் போக முடியாத பிள்ளைக்கு, தன் ஆர்வத்தைக் காட்டச் செலவில்லாத வழிகளில் ஒன்று இந்த இன்டர்வியூ. அந்த வரியில் 'கருத்தில் கொள்ளப்படும்' என்றோ அதற்கு மேலோ இருந்து, நாமே பதிவு செய்யும் முறையும் இருந்தால், ஆப்ஷனல் என்ற சொல்லை மறந்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். எம்.ஐ.டி. போன்றவை இந்த ஆர்வக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆனாலும் அவர்களாகக் கூப்பிட்டால் போவதுதான் நல்லது. தாளில் தெரியாத உங்களை ஒருவர் நேரில் பார்த்து எழுதப்போகிறார், அதை ஏன் விட வேண்டும்?

எப்போது தொடங்குவது

பிளஸ் ஒன் தேர்வு முடிந்த கோடை விடுமுறையிலேயே. காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி திறக்கிறது. ஆனால் மாணவரே பதிவு செய்யும் கல்லூரிகளில் சில, அதற்கு முன்பே, அமெரிக்கக் கோடைக்காலத்திலேயே ஸ்லாட்டுகளை, அதாவது இன்டர்வியூவுக்கான நேரங்களை, திறந்துவிடுகின்றன. விண்ணப்பம் போடாமலேயே இன்டர்வியூ முடித்துவிடலாம். வேறு சில, விண்ணப்பம் அனுப்பிய பிறகுதான் போர்ட்டலில், அதாவது விண்ணப்பதாரருக்கென்று கல்லூரி தரும் இணையப் பக்கத்தில், அந்த இணைப்பைக் காட்டும். உங்கள் தாளில் கல்லூரிப் பெயருக்குப் பக்கத்தில் பதிவு திறக்கும் நாள், பதிவுக்குக் கடைசி நாள், இன்டர்வியூ நடக்கக் கடைசி நாள் மூன்றையும் குறியுங்கள். கடைசி இரண்டும் ஒன்றல்ல. அதில் குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி நாள். வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி வரும். முன்கூட்டிய சுற்றில் போகிறவருக்கு இன்டர்வியூவுக்கான கெடுவும் முன்னாலேயே வந்துவிடும்.

நம் ஊர்க் காலண்டரை இதன் மேல் வைத்துப் பாருங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு, இடையில் தீபாவளி, ரிவிஷன் டெஸ்ட், ஜேஇஇ கோச்சிங் போகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. ஆக, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கிடைக்கும் ஸ்லாட்தான் நம் பிள்ளைகளுக்கு ஏற்றது. மிகவும் விரும்பும் கல்லூரியின் இன்டர்வியூவை முதலாவதாக வைக்காதீர்கள். முதல் உரையாடலில் எல்லோருக்கும் வாய் உலரும். இரண்டாவது, மூன்றாவதாக வைத்தால் நன்றாக இருக்கும்.

படிவத்தை நிரப்பும்போது

இங்கே சின்னத் தப்புகள் பெரிய தலைவலியாகும். இன்டர்வியூ படிவத்தில் தரும் பெயர், பிறந்த நாள், மின்னஞ்சல் மூன்றும் விண்ணப்பத்தில் தருவதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கல்லூரியின் கணினி இவற்றை வைத்துத்தான் இரண்டு பதிவுகளும் ஒரே ஆளுடையவை என்று சேர்க்கிறது. அப்பாவின் மெயிலில் இன்டர்வியூ பதிவு செய்து, பிள்ளையின் மெயிலில் விண்ணப்பம் போட்டால் இரண்டு வெவ்வேறு ஆட்களாகிவிடும் அபாயம் உண்டு.

பெயர் விஷயத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். எப்படிக் கூப்பிடலாம் என்று கேட்கும் 'ப்ரிஃபர்ட் நேம்' கட்டம் இருந்தால் அதில் வீட்டிலும் பள்ளியிலும் அழைக்கும் பெயரை எழுதுங்கள். இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் உங்களை மிஸ்டர் முருகேசன் என்று அப்பா பெயரைச் சொல்லி வரவேற்பார், யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு நொடி திகைத்துப் போவீர்கள்.

எந்த ஆண்டு சேரப்போகிறீர்கள் என்ற கேள்விக்கு, இப்போதைய ஆண்டைப் போட்டுவிடாதீர்கள். 2027 மார்ச்சில் பிளஸ் டூ எழுதுபவர் 2027 'ஃபால்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபால் என்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் பருவம். பள்ளியின் பெயர் பட்டியலில் வராவிட்டால் 'பட்டியலில் இல்லை' என்ற தேர்வைச் சொடுக்கிக் கையால் எழுதலாம். பக்கத்து ஊரில் இருக்கும் அதே பெயர்ப் பள்ளியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அலைபேசி எண்ணுக்கு முன்னால் +91.

நேரக் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால், நவம்பர் முதல் ஞாயிறு ஒரு மணி நேரம் பின்னால். நாம் மாற்றுவதில்லை. அதனால் நமக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி ஆண்டு முழுவதும் ஒன்றாக இருக்காது.

பாஸ்டன், நியூயார்க் இருக்கும் கிழக்குப் பகுதி நேரத்தைவிட நாம் கோடையில் 9½ மணி நேரம் முன்னால். நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு 10½ மணி நேரம். சிகாகோ, ஹூஸ்டன் இருக்கும் மத்தியப் பகுதிக்கு 10½, அப்புறம் 11½. கலிஃபோர்னியாவுக்கு 12½, அப்புறம் 13½. இலங்கைக்கும் இதே கணக்குத்தான். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குக் கிழக்குப் பகுதியோடு கோடையில் சரியாக 12 மணி நேரம், நவம்பருக்குப் பிறகு 13.

என் அண்ணன் மகள் அக்டோபர் நடுவில் ஒரு ஸ்லாட் பிடித்தாள். இன்டர்வியூ நவம்பர் இரண்டாம் வாரம், கிழக்குப் பகுதி நேரம் காலை 9 மணி. நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன், அன்றைய இடைவெளியை வைத்து மாலை 6:30 என்று. அவள் 6:15-க்கே தயாராகி உட்கார்ந்தாள். வீடியோ அழைப்பின் காத்திருப்பு அறை திறக்கவே இல்லை. 7:10 வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், தன்னை வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று முடிவு செய்து அழுதுகொண்டே கணினியை மூடிவிட்டாள். உண்மையான நேரம் 7:30. இடையில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியிருந்தார்கள். 7:45-க்கு "உங்களுக்காகக் காத்திருக்கிறேன்" என்று மெயில் வந்தது. அதை அவள் மறுநாள் காலையில்தான் பார்த்தாள். நடந்ததை அப்படியே எழுதி மன்னிப்புக் கேட்டாள், இன்னொரு நாள் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அப்படிக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வராமல் போனவருக்கு இரண்டாவது ஸ்லாட் தர மாட்டோம் என்று எழுதியே வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு.

ஆகவே, பதிவு செய்யும் நாளின் இடைவெளியைப் பார்க்காதீர்கள். இன்டர்வியூ நடக்கும் நாளின் இடைவெளியைப் பாருங்கள். கூகுள் காலண்டரில் நிகழ்வைப் போடும்போது நேரமண்டலத்தைக் கிழக்கு அமெரிக்கா என்று தேர்ந்தெடுத்து அவர்கள் சொன்ன நேரத்தை அப்படியே போட்டால், நம் நேரத்துக்கு அதுவே மாற்றிக் காட்டும். மனக்கணக்கு வேண்டாம்.

இன்னும் மூன்று இடங்களில் கால் இடறும். பதிவுப் பக்கம் உங்கள் கணினி எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்த்துத் தானாகவே இந்திய நேரத்தைக் காட்டலாம், காட்டாமல் கல்லூரியின் நேரத்தையே காட்டலாம். எந்த நேரம் என்று பக்கத்தில் எங்கேயாவது சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். அடுத்தது தேதி. 11/05 என்று எழுதியிருந்தால் அது நவம்பர் 5, மே 11 இல்லை. மூன்றாவது நள்ளிரவு. கலிஃபோர்னியாவில் டிசம்பர் 3, செவ்வாயோ புதனோ, மதியம் 1 மணி என்றால் நமக்கு அது மறுநாள் 4-ஆம் தேதி அதிகாலை 2:30. நாளும் கிழமையும் சேர்ந்தே மாறும்.

எந்த ஸ்லாட்டை எடுப்பது? கிழக்குப் பகுதியில் காலை 9, 10 மணி என்றால் நமக்கு மாலை 6:30-இலிருந்து இரவு 8:30-க்குள் வந்துவிடும். அமெரிக்கப் பிள்ளைகள் அந்த நேரத்தில் பள்ளியில் இருப்பார்கள், அவர்கள் மாலை நேரத்தைத்தான் தேடுவார்கள். அதனால் காலை ஸ்லாட்டுகள் நமக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். மேற்குக் கரைக் கல்லூரியானால் காலை முதல் ஸ்லாட்டே நமக்கு இரவு 9:30, 10:30 ஆகிவிடும். அதற்குமேல் போகாதீர்கள். அதிகாலை 2 மணிக்குக் கண் எரியப் பேசுவதைவிட, நேரம் ஒத்துவரவில்லை என்று சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனி ஸ்லாட் வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

முன்னாள் மாணவரிடமிருந்து மெயில் வந்தால்

கல்லூரி முகவரியிலிருந்துதான் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பலர் தங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்தோ அலுவலக மெயிலிலிருந்தோ எழுதுவார்கள். அது ஸ்பாமில் போய் விழும். விண்ணப்பம் அனுப்பிய நாளிலிருந்து ஸ்பாமையும் புரமோஷன்ஸ் பகுதியையும் தினமும் ஒரு முறை திறந்து பாருங்கள். காமன் ஆப்பில் கொடுத்த மெயிலை அலைபேசியிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலேயே வாழும் தலைமுறைக்கு இது பழகக் கொஞ்ச நாளாகும்.

வந்த மெயில் உண்மைதானா என்ற சந்தேகம் நியாயமானது. கல்லூரியின் போர்ட்டலில் இன்டர்வியூ பற்றிய தகவல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபப்பட மாட்டார்கள். கல்லூரி சார்பில் பேசும் முன்னாள் மாணவர் பணம் கேட்க மாட்டார், பாஸ்வேர்ட் கேட்க மாட்டார், ஆதார் நகல் கேட்க மாட்டார். கேட்டால் அது மோசடி. கட்டணம் வாங்குவது இனிஷியல்வியூ போன்ற தனி நிறுவனங்கள்தான். அவர்கள் மாணவரிடம் பேசி, அந்தப் பதிவைக் கல்லூரிகளுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் கல்லூரி அதை ஏற்கிறது என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பதிலை 24 மணி நேரத்துக்குள் அனுப்புங்கள், தாமதமானால் இரண்டு நாள், அதற்குமேல் வேண்டாம். என்ன எழுத வேண்டும்? நன்றி ஒரு வரி. உங்களுக்கு முடிந்த மூன்று நேரங்கள், ஒவ்வொன்றுக்கும் கிழமை, தேதி, நம் நேரம், அவர் நேரம். மாதத்தை எண்ணாக எழுதாமல் சொல்லாக எழுதுங்கள். வீடியோ என்றால் எந்தச் செயலியும் சரி என்று ஒரு வரி, அலைபேசி எண், முழுப் பெயர். இவ்வளவு போதும். "எனக்கு எந்த நேரமும் ஓகே" என்று எழுதுவது மரியாதை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நேரம் ஒதுக்கும் அவருக்கு அது இன்னும் இரண்டு மெயில் எழுதும் வேலையைத்தான் வைக்கும்.

நாம் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் சில சொற்கள் அங்கே புரியாது. 'ப்ரீபோன்' என்பது பெரும்பாலும் இந்தியாவில் புழங்கும் சொல். நேரத்தை முன்னால் கொண்டுவர முடியுமா என்று விரித்து எழுதுங்கள். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றால் எந்த ஸ்டேஷன் என்று யோசிப்பார்கள், ஊரில் இல்லை என்று எழுதுங்கள். 'டூ த நீட்ஃபுல்', 'ரெஸ்பெக்டட் சார்' இரண்டும் வேண்டாம். அவர் கையெழுத்திட்ட பெயரோடு 'டியர்' சேர்த்தால் போதும். அவர் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகித்து மிஸ்டர், மிஸ் போடுவதைவிட முழுப் பெயரையும் எழுதுவது பாதுகாப்பு.

அவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து நேரில் சந்திக்கலாம் என்று சொன்னால், காபிக் கடை, நூலகம் போன்ற பொது இடமாக இருக்க வேண்டும். யாருடைய வீட்டுக்கும், ஹோட்டல் அறைக்கும் போகக் கூடாது. "வீடியோவில் பேசலாமா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை.

அப்பா அம்மாவுக்கு

பிள்ளை மேல் உள்ள அக்கறையில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனாலும் பிள்ளையின் பெயரில் நீங்கள் மெயில் எழுதாதீர்கள். நேரம் கேட்டு நீங்கள் போன் செய்யாதீர்கள். இன்டர்வியூ நடக்கும்போது கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து சைகை காட்டாதீர்கள். எதிரில் இருப்பவருக்கு, பிள்ளையின் கண் போகும் திசையிலேயே அது தெரிந்துவிடும். பதினேழு வயதில் ஒருவர் தன் நேரத்தைத் தானே பேசி முடிவு செய்வதை அங்கே சாதாரணமாக எதிர்பார்க்கிறார்கள். உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது: அந்த ஒரு மணி நேரம் வீட்டில் டிவி ஓடாமல், குக்கர் விசில் அடிக்காமல், விருந்தாளி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே அறை வீடாக இருந்தால் பள்ளியில் ஓர் அறை கேட்டு வாங்கிக் கொடுங்கள். மாலையானாலும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

தெரியாததைக் கேட்க, அமெரிக்க அரசின் எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனை மையம் சென்னையில் இருக்கிறது. தனியார் ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு முறை பேசிப் பாருங்கள்.

முந்தின நாளும் அன்றைக்கும்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இன்டர்வியூக்கள் நிறைய நடக்கும். நமக்கு அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலம். கரண்ட் போகும், நெட் போகும். இன்வெர்ட்டர் இருந்தாலும் ரவுட்டர் அதில் இணைந்திருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். வீட்டு வைஃபை ஒரு நிறுவனம் என்றால், ஹாட்ஸ்பாட் போடும் அலைபேசி வேறு நிறுவனத்துடையதாக இருக்கட்டும். இணைப்பு துண்டித்தால் தொடர்புகொள்ள அவருடைய மெயிலையோ எண்ணையோ ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் காத்திருக்காமல் முதல் நாளே எழுதிவிடுங்கள்: எங்கள் ஊரில் புயல் எச்சரிக்கை, இணைப்பு இல்லாமல் போகலாம், மாற்று நேரமாக இந்த இரண்டு வைத்துக்கொள்ளலாமா என்று.

மாற்றவோ ரத்து செய்யவோ வேண்டியிருந்தால், உறுதிப்படுத்தி வந்த மெயிலிலேயே அதற்கான இணைப்பு இருக்கும். 24 மணி நேரத்துக்கு முன்பாவது செய்யுங்கள். அந்த இடம் இன்னொரு பிள்ளைக்குப் போகும். அதே காரணத்தால்தான், ஸ்லாட் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று காட்டினாலும் விட்டுவிடாதீர்கள். காத்திருப்போர் பட்டியல் இருந்தால் பெயரைச் சேருங்கள், இல்லாவிட்டால் தினமும் ஒரு முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான் பார்த்த ஒரு பையனுக்கு ஐந்தாவது நாள் கிடைத்தது, யாரோ ரத்து செய்த ஸ்லாட்.

முடிந்ததும் அன்றைக்கோ மறுநாளோ நாலு வரி நன்றி மெயில். பேசியதில் மனதில் நின்ற ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு எழுதினால் போதும், முடிவு என்ன என்று கேட்க வேண்டாம், அது அவர் கையில் இல்லை. அப்புறம் போர்ட்டலில் போய், இன்டர்வியூ முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பத்து நாள் கழித்து ஒரு முறை பாருங்கள். அந்தக் கல்லூரி அதைப் போர்ட்டலில் காட்டும் வழக்கம் இருந்தும் வராவிட்டால், பேசிய நாள், நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் எழுதி சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மெயில் அனுப்புங்கள்.